ஆழாக்கா, படியா?

இந்த வாரம் ஒரு குடும்பத் தகராறில் தலையிடுவதாக உத்தேசம். பிறர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பது நல்ல பழக்கமல்ல என்பதை அறிவேன். ஆனால், காலேஜ் படிப்பு முடித்த பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் ஒரே தகராறு, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் நடந்து வரும்போது, அதை எந்த ஒரு வீட்டின் சொந்த விவகாரம் என்றும் சொல்வதற்கில்லை அல்லவா?

தகராறு இதுதான். பிள்ளையாண்டானுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். பால்காரரும் தபால்காரரும் ஏறிப் போகிற சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. முன்புறம் காற்றுத் தடுப்பு வைத்து, கைப்பிடி தாழ்ந்து, ஏறி உட்கார்ந்தவன் பெட்ரோல் டாங்கியை நமஸ்கரித்துக்கொண்டே போக வேண்டிய பந்தய ரக வண்டி. தகப்பனார் முதலில் முடியாது என்கிறார், பிறகு முணுமுணுக்கிறார், கடைசியில் இணங்கி விடுகிறார். அதற்குப் பிறகுதான் அசல் தகராறு ஆரம்பமாகிறது: சின்ன என்ஜினா, பெரிய என்ஜினா?

"சின்னதே போதும், உயிருக்கு ஆபத்தில்லை" என்பது தகப்பனார் கட்சி. "சின்னது ஆறு மாதத்தில் அலுத்துப் போகும். வாங்குவதை ஒரே தடவையாகப் பெரிதாக வாங்கிவிட்டால் லாபம்" என்பது பிள்ளையின் கட்சி. "இரண்டுமில்லாமல் பஸ்ஸில் போனால் என்ன?" என்பது தாயார் கட்சி. மூன்றில் மிகவும் புத்திசாலித்தனமான கட்சி இதுதான் என்றாலும், இதற்கு வோட்டுக் கிடைப்பதாகக் காணோம். ஆகையால் முதலிரண்டு கட்சிகளைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

அளவு என்றால் என்ன?

என்ஜினைப் பற்றிப் பேசுகிறவர்கள் "சி.சி." என்று ஓயாமல் சொல்கிறார்கள். அது கன சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே போகும்போது எவ்வளவு இடம் உண்டாகிறதோ, அந்த அளவு. அவ்வளவு இடத்தில் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் புகுந்து எரிகிறதோ, அதைப் பொறுத்தது வண்டியின் வலிமை.

இதை நம் பாட்டிமார் அரிசி அளந்த கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். படியளவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆழாக்கு 168 மில்லி லிட்டர் என்ற கணக்கையே வைத்துக்கொள்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. 2021-ல் வந்த யமஹா ஆர் 15 வண்டியின் என்ஜின் 155 சி.சி.; அதாவது ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவு. நம்முடைய ஓசூரில் தயாராகி 2017-ல் வெளிவந்த டி.வி.எஸ். அபாச்சே ஆர்.ஆர். 310 வண்டிக்கு 312. உழக்குக்குச் சற்றுக் குறைவு. கே.டி.எம். ஆர்.சி. 390-க்கு 373, கோபுரமாக அளந்த உழக்கு. கவாஸாகி நிஞ்ஜா 650-க்கு 649, ஏறக்குறைய உரி. ஸினிமாவில் பார்த்துப் பிள்ளைகள் பெயர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஸுஸுகி ஹயபூஸாவுக்கு 1340. கச்சிதமாக ஒரு படி.

அளவு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. இங்கேதான் தகப்பனார்கள் ஏமாறுகிறார்கள். ராயல் என்பீல்டு கிளாஸிக் வண்டிக்கு 349 சி.சி.; ஆர்.சி. 390-க்கு 373. இரண்டும் உழக்கு இனம்தான். ஆனால் முன்னது தரும் சக்தி சுமார் 20 குதிரை. பின்னது தருவது சுமார் 43. அது மட்டுமா? ஆழாக்கு என்ஜினுடைய ஆர் 15 வண்டியே 18 குதிரைக்கு மேல் தருகிறது! காரணம் சுழற்சி வேகம். கிளாஸிக் என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுக்குச் சற்று மேலே தன் முழுச் சக்தியை அடைகிறது. ஆர் 15 என்ஜின் 10,000 சுற்றில் அடைகிறது. முன்னது யானை போல் மெதுவாக அடி வைத்து இழுக்கும். பின்னது அணில் போல் ஓயாமல் ஓடி ஈடு செய்யும். ஆகவே "350-தானே, 390-தானே, என்ன பிரமாத வித்தியாசம்?" என்று கேட்கும் தகப்பனார், கடையில் சி.சி.யோடு குதிரைச் சக்தியையும், வண்டியின் எடையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாலை கேட்பது எவ்வளவு?

இனி, நாம் போகும் சாலைக்கு எத்தனை குதிரை வேண்டும் என்று பார்ப்போம். பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருப்புக் கொள்ளாது; நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

சமதரையில் மோட்டார் சைக்கிளுக்கு முக்கியமான எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போக, சக்கரத்தில் சுமார் 5 குதிரைச் சக்தி இருந்தால் போதும். அதையே 160 ஆக்கினால் சுமார் 30 வேண்டும். 2018-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி, நடுவே தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், நகரத்துக்குள் 60. அதற்குக் குறைவாக எல்லை வகுத்த இடங்களும் உண்டு. ஆக, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்கு 5 குதிரை. மேட்டில் ஏறவும், லாரியைத் தாண்டவும், பின்னால் ஓர் ஆளை ஏற்றவும் இன்னும் ஒரு 10 குதிரை. ஆழாக்கு வண்டியிலேயே இவ்வளவும் இருக்கிறது. படி வண்டியில் இருக்கும் 190 குதிரையில் மிச்சமெல்லாம் லாயத்தில் நின்று கனைத்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

கனைத்துக்கொண்டு சும்மா நின்றால் பாதகமில்லை. அவிழ்த்துக்கொண்டு ஓடினால்தான் ஆபத்து. 1000 சி.சி. பந்தய வண்டிகளில் பல, முதல் கியரிலேயே மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வண்டியில் போகிறவன் இரண்டாவது கியர் போடும் முன்பே சட்டத்தை வெகு தூரம் பின்னால் விட்டுவிடுகிறான்.

நிற்பதற்கு ஆகும் தூரத்தையும் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் குறுக்கே ஒரு மாட்டைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள்ளேயே சுமார் 17 மீட்டர் போய் விடுகிறான். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்து நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 37. அவனே 120-ல் போனால், கண்டதற்கும் பிடித்ததற்கும் நடுவில் 33 மீட்டர், நிற்பதற்கு 80, மொத்தம் 113. வேகம் இரு மடங்கு; தூரம் மும்மடங்கு. மாடு அதே இடத்தில்தான் நிற்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய வண்டிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை சின்ன வண்டிகளே. ஆகவே, "சின்னது; உயிருக்கு ஆபத்தில்லை" என்ற தகப்பனார் கட்சியும் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. ஆழாக்கு வண்டியும் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடியதுதான். உயிரை விட அவ்வளவு வேகம் தாராளமாகப் போதும்.

சின்ன வண்டி வாத்தியார்

அப்படியானால் சின்ன வண்டியின் பெருமைதான் என்ன? அது பாதுகாப்பானது என்பதல்ல; அது நல்ல வாத்தியார் என்பதே. நான் பார்த்த வரையில் நல்ல வாத்தியார்களுக்கு இரண்டு லட்சணங்கள் உண்டு: சிறு தப்பை மன்னிப்பார்கள், சோம்பேறித்தனத்தை மன்னிக்க மாட்டார்கள்.

மேடு பள்ளத்தில் குலுங்கி, கைப்பிடியை அறியாமல் அரை அங்குலம் அதிகமாகத் திருகிவிட்டால், ஆழாக்கு வண்டி சத்தம் போடும், அவ்வளவுதான். படி வண்டி முன் சக்கரத்தைத் தூக்கும், அல்லது மழை ஈரத்தில் பின் சக்கரத்தை வழுக்கும். இப்போது அவற்றில் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் மின்சாரக் கருவிகள் வைத்திருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கருவிகள் சக்கரத்தைக் காக்குமே தவிர, வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கா.

சோம்பேறித்தனத்துக்கு வருவோம். சின்ன என்ஜினில் சக்தி மேல் சுற்றில்தான் இருக்கிறது. ஆகையால் ஓட்டுகிறவன் சரியான கியரில் இருந்தாக வேண்டும். லாரியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, கியரைக் குறைத்து, தயாராகி, பிறகே புறப்பட வேண்டும். வளைவில் வீணாக வேகத்தை இழந்தால் திரும்பச் சம்பாதிக்க நேரமாகும். ஆதலால் வளைவை முன்னாலேயே படிக்கக் கற்கிறான். பெரிய வண்டிக்காரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வளைவில் தப்பாகப் போனாலும், வெளியே வந்து கைப்பிடியைத் திருகினால் தப்பு மறைந்து போகும். தப்பு மறைந்ததே தவிரத் திருந்தவில்லை. ஒருநாள் திருக இடமில்லாத வளைவில் அது வெளிவரும்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். 140 கிலோ எடையுள்ள வண்டியில் அந்தப் பாதையில் ஏறுவது நாட்டியம். 266 கிலோ ஹயபூஸாவில் ஏறுவது தேகாப்பியாசம்.

உலக வீரர்களுக்கும் இதே பாடம்தான். மோட்டோ ஜி.பி. என்ற உலகப் பந்தயத்தில் மூன்று வகுப்புகள். 2012-லிருந்து கீழ் வகுப்பில் 250 சி.சி. வண்டி, 2019-லிருந்து நடு வகுப்பில் 765, மேல் வகுப்பில் 2012-லிருந்து 1000. மார்க் மார்க்கேஸ் என்ற ஸ்பெயின் வீரர் 2010-ல் அப்போதைய 125 சி.சி. வகுப்பிலும், 2012-ல் நடு வகுப்பிலும், 2013-ல் மேல் வகுப்பிலும் ஜெயித்தார். இத்தாலிய வீரர் வாலன்டினோ ரோஸி 1997-ல் 125, 1999-ல் 250, 2001-ல் 500 என்று ஏறினார். வண்டி ஓட்டுவதே தொழிலான மேதைகள் ஆழாக்கில் தொடங்கியிருக்க, கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்த நம் பிள்ளை முதல் மாதமே படியில் தொடங்குவானேன்?

பெரிய வண்டியின் கட்சி

ஒரு கட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. பெரிய என்ஜினுக்கும் சில உண்மையான பெருமைகள் உண்டு.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். ஆழாக்கு என்ஜின் அவ்வளவு தூரமும் மேல் சுற்றிலேயே கத்திக்கொண்டு ஓட வேண்டும். ஓட்டுகிறவனுக்குக் கை மரத்துப் போகும். இரண்டு சிலிண்டருள்ள உரி வண்டி அதே வேகத்தில் கீழ்ச் சுற்றில் நிதானமாகப் போகும். பெரிய லாரி உரசிப் போகும்போது காற்றடித்தால் அசையாது. பின்னால் மனைவியும், இரண்டு பக்கமும் பையும் இருந்தால், மேட்டில் மூச்சு வாங்காது. தாண்டும்போது எதிர்ப் பக்கத்தில் நிற்கும் நேரம் குறைவு. நெடும் பிரயாணம் அடிக்கடி செய்கிறவர், பல வருஷம் பழகியவர், கனத்த சரீரம் உடையவர் இவர்களுக்கெல்லாம் பெரிய என்ஜின் ஆடம்பரமல்ல; சௌகரியமே.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்கும் எல்லை உண்டு. கிண்டியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பெரிய என்ஜின் தொடையைச் சுடும். வேகத்துக்கென்றே போட்ட சில சாலைகளில் மோட்டார் சைக்கிளை விடுவதே இல்லை. பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் பிரதானப் பாதை 2023 ஆகஸ்டு முதல் அதற்கு அடைக்கப்பட்டது. ஆகவே படி வண்டிக்கு ஏற்ற இடம் பந்தய மைதானம் ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கேயும்கூட 165 சி.சி. வண்டிகளுக்குத் தேசியப் பந்தய வகுப்பு நடந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க.

பணப்பை சொல்வது

விலையைப் பற்றிக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அவர் முதலில் சொல்லாத செலவுகள் சில உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. அதற்கு மேற்பட்டதற்கு 40 என்று ஏற்பட்டது. கட்டாய இன்ஷூரன்ஸிலும் 350-தான் எல்லைக் கோடு: 2022 ஜூன் மாத விகிதப்படி, 150-க்கு மேல் 350 வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய்; அதற்கு மேல் 2,804 ரூபாய். ஆழாக்கு வண்டி ஒரு லிட்டருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும். படி வண்டி 20-ஐத் தொடுவதே அரிது. அகலமான டயர் விலையும் அதிகம், தேய்வதும் சீக்கிரம். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பெரிய நகரங்களில்தான் அகப்படுவார்.

இதையெல்லாம் விட முக்கியமான செலவு ஒன்று. நல்ல தலைக்கவசம், கையுறை, முழங்கால் வரை பாதுகாக்கும் பூட்ஸ், தோல் சட்டை: இவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்கி, மிச்சத்தில் எந்த என்ஜின் அகப்படுகிறதோ அதை வாங்குவதே உத்தமம். வண்டிக்கு நாலு லட்சமும் தலைக்கு நானூறு ரூபாயும் செலவிடும் பிள்ளை, தன் தலையின் விலையைத் தானே சொல்லிவிடுகிறான்.

தீர்ப்பு

"ஆறு மாதத்தில் அலுத்துவிடும்" என்ற வாதத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சிலருக்கு வாஸ்தவமாகவே அலுக்கும். அலுத்தால் விற்றுவிடலாம்; பெயர் பெற்ற சின்ன வண்டிக்கு வாங்குகிறவர்கள் கிடைப்பார்கள். விற்பதில் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அதைப் பள்ளிக்கூடச் சம்பளமாக எண்ணிக் கொள்வோம்.

ஐரோப்பாவில் 2013 ஜனவரி முதல் இந்தச் சம்பளத்தைச் சட்டமே கேட்கிறது. முதல் படியில் 125 சி.சி.; அடுத்த படியில் 35 கிலோவாட், அதாவது 47 குதிரை வரை. அதில் இரண்டு வருஷம் பழகியவருக்கோ, அல்லது 24 வயது நிரம்பியவருக்கோதான் எல்லையற்ற வண்டிக்கு லைசென்ஸ். ஜப்பானில் 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். நம் நாட்டிலோ கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே லைசென்ஸ்தான். பதினெட்டு வயது நிரம்பி, எட்டுப் போட்டுக் காட்டியவனுக்கு ஆழாக்கும் ஒன்று, படியும் ஒன்று. சட்டம் கட்டாத படிக்கட்டை வீட்டில் உள்ளவர்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் குடும்பத் தகராறு அவசியமான தகராறு என்கிறேன்.

என்னுடைய அபிப்பிராயம் இது. கியர் வண்டியே முதல் தடவையாக ஓட்டுகிறவருக்கு 150-லிருந்து 200 சி.சி. வரை. இரண்டு மூன்று வருஷம் மழையிலும் மலையிலும் ஓட்டித் தேர்ந்தவருக்கு 300-லிருந்து 400. நெடும் பிரயாணம் போகிறவர் அதற்கும் பிறகு 650. படி வண்டி மைதானம் தேடிப் போகிறவருக்கு. எந்தப் படியிலும் கடைக்குப் போனதும் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம்: என்ஜினை நிறுத்திய வண்டியைத் தன்னந்தனியாகப் பின்னால் தள்ளித் திருப்பி நிறுத்த முடிகிறதா? உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா? முடியாவிட்டால் அது இன்னும் நம் வண்டி அல்ல. பிள்ளைக்குச் சொன்னது பெண்ணுக்கும் பொருந்தும்.

தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. சின்னதை வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததாக எண்ணிவிட வேண்டாம். மாதம் ஒரு முறை பின் ஸீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பையன் எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறான், எப்போது பிரேக் பிடிக்கிறான் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பந்தய ரக வண்டியின் பின் ஸீட்டு உயரமாகவும் சிறிதாகவும் இருக்கும். முதுகு கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆழாக்கு வண்டியில் உள்ள குதிரைகள் அத்தனையையும், சரியான கியரில், சரியான வளைவில், யாரையும் பயமுறுத்தாமல் ஓட்டத் தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டது என்று பின் ஸீட்டில் இருப்பவர் சொல்லும் நாளில், உழக்கு வண்டிக்குத் தாராளமாக மனுப் போடுங்கள். அன்று நானும் உங்கள் கட்சி.